எண்ணெய் ஓடும் பாதை



இப்பக்கத்தில் நான் எழுதுபவை பெரும்பாலும் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுப்பது பற்றியும், குடும்பத்தில் பெரியோருக்கும் சிறியோருக்கும் இடையிலான உறவு பற்றியும் அமைந்திருக்கும். இம்முறை, ஒருவர் தம் கையாலேயே கட்டிய விமானத்தின் இயந்திரத்திற்கு எண்ணெய்க் குழாய் பொருத்திய விவரத்தை எழுதுகிறேன். மத்ரஸா ஆசிரியருக்கும் விமான எண்ணெய்க்கும் என்ன தொடர்பு என்று சிலர் வியக்கக்கூடும். ஒரு தந்தைக்கும் மகளுக்கும் இடையே எழுந்த கருத்து வேறுபாட்டில் என்னை நடுவராக அழைத்தார்கள். அதற்கு விடை தேடிப் போன இடத்தில்தான் இந்தக் குழாய்களைப் பற்றிக் கற்க வேண்டியதாயிற்று. இருவரிடமும் அனுமதி பெற்றே எழுதுகிறேன், பெயர்களைத் தவிர்த்துள்ளேன்.

மகளின் கோரிக்கை

நான் வசிப்பது அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில். இங்குள்ள பள்ளிவாசலின் வார இறுதி மத்ரஸாவில் பாடம் நடத்துகிறேன். எங்கள் ஜமாஅத்தில் கீழக்கரையைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் இருக்கிறார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் சரக்குக் கப்பல்களில் இன்ஜினியராகப் பணியாற்றிவிட்டு, ஓய்வுக்குப் பின் இங்கே மகள் வீட்டில் தங்கியிருக்கிறார். ஊர் வழக்கப்படி நான் அவரைக் காக்கா என்று அழைப்பேன். அவர் என்னை ஹஜ்ரத் என்பார்.

இந்த மாநிலத்தில் சொந்தமாக விமானம் கட்டுவோர் அரிதானவர் அல்லர். வீட்டில் விமானம் கட்டுவோருக்காகப் பால் போபெரெஸ்னி என்பவர் 1953ஆம் ஆண்டு தொடங்கிய சங்கத்தின் தலைமையகம் இங்குள்ள ஆஷ்கோஷ் நகரில் இருக்கிறது. 1970 முதல் கோடைக்காலத்தில் அவர்களுடைய பெருங்கூட்டம் அங்கேதான் நடைபெற்று வருகிறது. ஒருமுறை அதைப் பார்க்கப் போய் வந்த காக்கா, விமானம் ஓட்டும் உரிமம் பெற்றுக்கொண்டார். பிறகு இரண்டு இருக்கை கொண்ட அலுமினிய விமானம் ஒன்றைப் பகுதி பகுதியாக வாங்கிக் கட்டத் தொடங்கிவிட்டார். வேலையின் பெரும்பகுதியைக் கட்டுபவர் தாமே கற்றலுக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ செய்திருந்தால், அதைச் சோதனை விமானம் என்ற பிரிவில் பதிவு செய்ய இந்நாட்டுச் சட்டம் இடம் தருகிறது.

இவற்றையெல்லாம் குடும்பத்தார் பொறுத்துக்கொண்டார்கள். ஆனால் விமானத்திற்கென்று தயாரிக்கப்பட்ட இயந்திரத்தை வாங்காமல், பழைய மாஸ்டா ஆர்எக்ஸ்-7 காரிலிருந்து எடுத்த சுழல் இயந்திரத்தைக் காக்கா கொண்டுவந்து இறக்கியபோது, மகளுக்குத் தாங்கவில்லை. ஒரு சனிக்கிழமை மத்ரஸா முடிந்த பிறகு என்னிடம் வந்தார்.

"ஹஜ்ரத், கார் இன்ஜினை வெச்சுக்கிட்டு வாப்பா வானத்துல பறக்கப் போறாங்க. நாங்க சொன்னா சிரிக்கிறாங்க. நீங்க சொன்னா கேப்பாங்க. வேணாம்னு சொல்லுங்க."

எனக்குத் தெரியாத ஒன்றில் தீர்ப்புச் சொல்ல முடியாது என்றும், முதலில் போய்ப் பார்க்கிறேன் என்றும் சொன்னேன். மறுநாள் அஸருக்குப் பிறகு விமானக் கொட்டகைக்குச் சென்றேன். மகள் என்னிடம் பேசியதைக் காக்கா அறிந்தே இருந்தார்.

"பயப்படுறது தப்பில்ல ஹஜ்ரத். எதுக்குப் பயப்படணும்னு தெரிஞ்சு பயப்படணும். இந்த மெஷின்ல நான் பயப்படுறது எண்ணெய்க்குத்தான்" என்றார். அந்தப் பதிலை முழுமையாக விளங்கிக்கொள்ள எனக்குப் பல மாதங்கள் பிடித்தன.

இரண்டு வகைச் சுழல் இயந்திரங்கள்

சுழல் இயந்திரம் என்ற பெயரில் விமான வரலாற்றில் இரண்டு வேறு இயந்திரங்கள் உள்ளன. முதலாம் உலகப் போர்க்கால விமானங்களில் இருந்தது ஒன்று. அதில் நடுத்தண்டு விமானத்தோடு அசையாமல் பொருத்தப்பட்டிருக்க, சிலிண்டர்கள் அனைத்தும் புரொப்பெல்லரோடு சேர்ந்து சுழலும். பெட்ரோலில் எளிதில் கரையாது என்பதால் அதற்கு ஆமணக்கெண்ணெயை ஊற்றினார்கள். நம் வீடுகளில் பேதிக்குக் கொடுக்கும் அதே விளக்கெண்ணெய்தான். உள்ளே போன எண்ணெய் திரும்பி வராது. வேலையை முடித்துவிட்டுப் புகையோடு வெளியே தெறித்துவிடும். விமானியின் முகத்திலும் உடையிலும் அது படிந்தது.

காக்கா வாங்கியது இரண்டாவது வகை. ஜெர்மனியைச் சேர்ந்த ஃபெலிக்ஸ் வாங்கெல் வகுத்த இவ்வியந்திரத்தின் முதல் மாதிரி 1957ஆம் ஆண்டு ஓடியது. ஜப்பானின் மாஸ்டா நிறுவனம் 1967 முதல் இதைக் கார்களில் பொருத்தி விற்றது. 1991ஆம் ஆண்டு பிரான்சின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் இவ்வகை இயந்திரம் கொண்ட மாஸ்டா காரே வென்றது. இதில் மேலும் கீழும் ஓடும் பிஸ்டன் கிடையாது, வால்வுகளும் கிடையா. நடுவில் சற்று ஒடுங்கிய நீள்வட்ட அறைக்குள், பக்கங்கள் புடைத்த முக்கோணம் போன்ற ரோட்டர் ஒன்று சுற்றி வருகிறது. ரோட்டர் ஒரு சுற்று முடிப்பதற்குள் நடுவிலுள்ள தண்டு மூன்று சுற்றுச் சுற்றிவிடும். காக்காவின் இயந்திரத்தில் இரண்டு ரோட்டர்கள். அசையும் உறுப்புகள் குறைவு என்பதால் உடையக்கூடியவையும் குறைவு என்று இதை விரும்புவோர் கூறுகிறார்கள்.

அந்த எளிமைக்கு ஒரு விலை உண்டு. ரோட்டரின் மூன்று பக்கங்களும் மாறி மாறி நெருப்பைத் தொடுகின்றன. வெளிச்சுவரைச் சுற்றித் தண்ணீர் ஓடி அதைக் குளிர்விக்கிறது. ஆனால் உள்ளே சுற்றும் ரோட்டரைத் தண்ணீர் எட்டாது. ரோட்டரின் உட்புறம் கூடாக இருக்கும். நடுத்தண்டிலுள்ள சிறு துளைகள் வழியாக எண்ணெய் அந்தக் கூட்டுக்குள் பீய்ச்சப்பட்டு, சூட்டை வாங்கிக்கொண்டு கீழே வடிகிறது. இவ்வியந்திரத்தைக் குளிர்விக்க வெளியேற்ற வேண்டிய வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை எண்ணெயே சுமக்கிறது.

"கப்பல்ல எண்ணெய் நின்னா பேரிங் போகும், அலாரம் அடிக்கும், நிறுத்திட்டு மிதந்துக்கிட்டு இருக்கலாம். இங்க மிதக்க முடியாது" என்றார் காக்கா.

சில அடி நீளப் பொறுப்பு

எண்ணெய் ஓடும் பாதையை ஒரு தாளில் வரைந்து காட்டச் சொன்னேன். ஏதேனும் ஒன்றைக் கற்பதாயின் வரிசையாகக் கற்பதே எனக்குப் பழக்கம்.

இயந்திரத்தின் அடியிலுள்ள தொட்டியில் எண்ணெய் நிற்கிறது. சங்கிலியால் ஓடும் பம்ப் அதை உறிஞ்சி, இயந்திரத்தின் ஒரு முனையிலுள்ள வாய் வழியே வெளியே தள்ளுகிறது. அங்கிருந்து ஓஸ் வழியாக ஆயில் கூலருக்குச் செல்கிறது. கூலரில் காற்றுப்பட்டுச் சூடு தணிந்த எண்ணெய், மற்றோர் ஓஸ் வழியாக இயந்திரத்தின் மறுமுனைக்குத் திரும்பி, ஃபில்டரில் நுழைகிறது. பின்னர் அழுத்தத்தைச் சீராக்கும் வால்வு, பேரிங்குகள், நடுத்தண்டு, ரோட்டர், மீண்டும் தொட்டி.

இதில் இரும்புக்குள் இருக்கும் பாதை முழுவதும் தொழிற்சாலையில் வகுக்கப்பட்டது. அதைப் பல்லாயிரம் கார்கள் ஓடிச் சோதித்துவிட்டன. வெளியே இருக்கும் இரண்டு ஓஸ்களும் கூலரும் மட்டுமே விமானம் கட்டுபவரின் பொறுப்பு. நீளம் சில அடிகள்தாம். ஆனால் ஒவ்வொரு சொட்டு எண்ணெயும், ஒவ்வொரு சுற்றிலும், அந்தச் சில அடிகளைக் கடந்தே பேரிங்கைச் சென்றடைய வேண்டும். வேறு வழி கிடையாது.

காக்கா தேர்ந்தெடுத்தது பத்தாம் எண் ஓஸ். விமானக் குழாய் இணைப்புகளின் எண் கணக்கு, அங்குலத்தைப் பதினாறாகப் பகுத்து வருவது. பத்தாம் எண் என்றால் பதினாறில் பத்துப் பங்கு, அதாவது அங்குலத்தில் எட்டில் ஐந்து பங்கு விட்டமுள்ள குழாய்க்கு உரியது. இதைவிடச் சிறிய ஓஸ் எளிதாக வளையும், எடையும் குறையும். அப்படியிருக்க ஏன் பெரியது என்று கேட்டேன்.

அவர் சொன்ன விளக்கம் இது. அழுத்தத்தைச் சீராக்கும் வால்வும், விமானி பார்க்கும் அளவுமானியும் கூலரைத் தாண்டிய பிறகே வருகின்றன. மானி சதுர அங்குலத்திற்கு 70 பவுண்டு காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். கூலருக்கு முன்னால், பம்பின் வாயில், அழுத்தம் அதைவிடக் கூடுதலாக இருக்கும். எண்ணெய் கூலருக்குள் நெருக்கிக்கொண்டு போகச் செலவிடும் அழுத்தம் மானிக்குத் தெரியாது. ஓஸ் குறுகலாக இருந்தாலோ, செங்குத்தாகத் திரும்பும் முழங்கை இணைப்புகள் பல இருந்தாலோ, அந்த நெருக்கடி மிகும். ஓர் அளவுக்கு மேல் போனால் பம்பின் அருகிலுள்ள பாதுகாப்பு வால்வு திறந்து, எண்ணெயைத் தொட்டிக்கே திருப்பிவிடும். அப்போது பம்ப் ஓயாமல் உழைத்துக்கொண்டிருக்கும். பேரிங்குக்குப் போவது மட்டும் குறைந்திருக்கும்.

விஸ்கான்சின் குளிர்காலத்தில் எண்ணெய் தேன்போல் இறுகிவிடுவதால் இந்த நெருக்கடி இன்னும் கூடும். எனவே, எண்ணெய் குளிர்ந்திருக்கும்போது கூலரைச் சுற்றிக்கொண்டு போக மாற்றுவழி திறக்கும் வால்வு உள்ள கூலரையே வாங்கினார். உறைபனி நாள்களில் இயந்திரத்தைச் சூடேற்றாமல் ஸ்டார்ட்டரைத் தொடுவதில்லை என்று கொட்டகைச் சுவரில் எழுதியும் வைத்திருக்கிறார். மறுபக்கம், எண்ணெய் இயந்திரத்துக்குள் நுழையும்போது ஏறத்தாழ 100 டிகிரி செல்சியசைத் தாண்டக்கூடாது என்பது அவர் வகுத்துக்கொண்ட எல்லை. சூடு மிகுந்தால் ரோட்டரின் பக்கவாட்டிலுள்ள எண்ணெய் வளையங்களுக்குப் பின்னாலிருக்கும் ரப்பர் ஓ-ரிங்குகள் நாளடைவில் இறுகி, எண்ணெய் எரியும் அறைக்குள் கசியத் தொடங்கும்.

பார்வைக்கு ஒன்றுபோல் இருப்பவை

அதன்பின் சனிக்கிழமை தோறும் கொட்டகைக்குச் செல்லத் தொடங்கினேன். ஸ்பேனர் பிடிக்கும் தகுதி எனக்கு இல்லை. எது எந்த நாளில், எப்படிப் பொருத்தப்பட்டது என்பதைக் குறிப்பேட்டில் எழுதும் வேலையைக் காக்கா என்னிடம் ஒப்படைத்தார். கட்டியவரே கட்டினார் என்பதற்கு அந்தக் குறிப்பேடும் படங்களும் அதிகாரிகளிடம் சான்றாகும்.

ஒருநாள் இரண்டு இணைப்புகளை என் உள்ளங்கையில் வைத்து, வேறுபாடு சொல்லுங்கள் என்றார். எனக்கு எதுவும் தெரியவில்லை. ஒன்று விமானத்திற்குரியது, அதன் கூம்பு முனை 37 பாகைச் சாய்வு கொண்டது. மற்றது சாதாரணக் கடையில் கிடைப்பது, 45 பாகை. பத்தாம் எண் அளவில் இரண்டின் திருகுமரையும் ஒன்றே. ஆதலால் ஒன்றை மற்றதில் முடுக்கினால் தடையின்றி ஏறிவிடும். கை நின்றுவிட்டதும் சரியாகப் பொருந்திவிட்டது என்றே தோன்றும். ஆனால் இரு கூம்புகளும் முழுப் பரப்பிலும் ஒட்டாமல் ஒரு மெல்லிய கோட்டில் மட்டுமே தொடும். அதிர்விலும் சூட்டிலும் கசிவு அங்கிருந்து தொடங்கும். அன்று முதல் ஒவ்வோர் இணைப்பையும் கோணமானியால் அளந்த பிறகே பெட்டியில் வைத்தார். அளந்ததை நான் எழுதினேன்.

கூம்பு முனைகள் உலோகத்தோடு உலோகம் ஒட்டி அடைபடுபவை. அவற்றுக்கு எந்தப் பசையும் தேவையில்லை. சாய்மரை உள்ள இடங்களில் பசை மட்டும் பூசினார். குழாய் வேலை செய்வோர் சுற்றும் வெள்ளை டெஃப்லான் நாடாவைக் கொட்டகைக்குள்ளேயே வைத்துக்கொள்ளவில்லை. அந்த நாடாவின் ஒரு நூலிழை பிய்ந்து எண்ணெயோடு போனால், ரோட்டருக்கு எண்ணெய் பீய்ச்சும் சிறு துளையில் போய் அடைத்துக்கொள்ளக்கூடும்.

இயந்திரம் ரப்பர் தாங்கிகளின் மேல் ஆடிக்கொண்டிருப்பது. விமானத்தின் உடல் ஆடாதது. எனவே ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும் குழாய் வளையக்கூடியதாக இருத்தல் வேண்டும். இழுபடாத அளவுக்குத் தளர்வும் வேண்டும். அழுத்தம் அளக்கும் கருவியை இயந்திரத்தில் நேரடியாகத் திருகித் தொங்கவிட்டால், அதன் எடையே அதிர்வில் இணைப்பை முறித்துவிடும். ஆதலால் அதைத் தீத்தடுப்புத் தகட்டில் பொருத்தி, மெல்லிய ஓஸால் இணைத்தார். அந்த ஓஸ் தொடங்கும் இடத்தில் குண்டூசித் துளை அளவே உள்ள ஓர் அடைப்பு இருக்கிறது. மெல்லிய ஓஸ் அறுந்தாலும் எண்ணெய் முழுவதும் கொட்டிவிடாது. சொட்டுச் சொட்டாகவே போகும். இறங்குவதற்கு அவகாசம் கிடைக்கும்.

இவ்வியந்திரத்தின் புகைக்குழாய் சாதாரணக் கார் இயந்திரத்தினதைவிடக் கடுமையாகச் சூடாகும். இருட்டில் சிவந்து தெரியும். எண்ணெய் ஓஸ்கள் அதனருகே செல்லாதபடி பாதை வகுக்கவே மூன்று வாரங்கள் ஆயின. ஓஸ்களின் மேல் தீயைத் தாங்கும் உறை போர்த்தப்பட்டது. முடுக்கி முடித்த ஒவ்வொரு நட்டின் மேலும் இணைப்பின் மேலும் சேர்த்து ஒரே கோடாக ஆரஞ்சு வண்ணம் தீட்டினார். நட்டு மயிரிழை நகர்ந்தாலும் கோடு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும்.

வெளியே வராத குண்டு

கூலரிலிருந்து திரும்பும் ஓஸை மட்டும், முனைகளை இறுக்கிப் பொருத்தித் தரும் கடையொன்றில் செய்து வாங்கியிருந்தார். அழுத்தச் சோதனையில் அது கசியவில்லை. அந்த வார இறுதியில் இயந்திரத்தை முதன்முறையாக ஓட்டுவதாக இருந்தது. தந்தையின் வேலையை ஒருமுறையாவது வந்து பார்க்கும்படி நான் கேட்டுக்கொண்டதன் பேரில் மகளும் வந்திருந்தார்.

காக்கா ஓஸின் உள்விட்டத்தைவிடச் சற்றே சிறிய எஃகுக் குண்டு ஒன்றை எடுத்து ஒரு முனையில் போட்டு, மறுமுனையைத் தாழ்த்தினார். குண்டு உருண்டு வரும் ஓசை கேட்டது, பின் நின்றுவிட்டது. வெளியே வரவில்லை. திருப்பிப் போட்டார். இம்முறையும் அதே இடத்தில் நின்றது.

கொட்டகையில் யாரும் பேசவில்லை. காக்கா ரம்பத்தை எடுத்து, விலை கொடுத்து வாங்கிய அந்த ஓஸை முனைக்கருகே அறுத்து, நீளவாக்கில் பிளந்தார். முனையை உள்ளே செலுத்தியபோது, அதன் கூரான விளிம்பு உட்புற ரப்பரைச் சீவி, நாக்குப் போல ஒரு துண்டை எழுப்பி விட்டிருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. கசிவுச் சோதனையும் சொல்லாது. எண்ணெய் மெதுவாக ஓடும்போது அந்த நாக்குப் படுத்திருக்கும். வேகமெடுத்தால் எழுந்து கதவு போல மூடிக்கொள்ளக்கூடும்.

மகள் அந்தத் துண்டைக் கையில் வாங்கி நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாப்பா, இது மேல போன பிறகு மூடிக்கிட்டா எவ்வளவு நேரம் இருக்கும்?"

"நிமிஷக் கணக்கும்மா" என்றார் காக்கா. மழுப்பவில்லை.

"இப்ப எனக்கு இன்னும் பயமா இருக்கு."

"எனக்கும்தான். அதனாலதான் குண்டு போட்டேன்."

இயந்திரத்தை ஓட்டும் நாள் தள்ளிப்போனது. எல்லா ஓஸ்களையும் அவரே புதிதாகச் செய்தார். வெட்டுவது, கழுவுவது, காற்றால் ஊதுவது, இரு புறமிருந்தும் குண்டு போடுவது, வெளிச்சம் வைத்துப் பார்ப்பது என்று ஒவ்வொன்றுக்கும் குறிப்பேட்டில் தனித்தனி வரி. இரண்டாவது ஓஸிலிருந்து குண்டைப் போடும் வேலையை மகளே எடுத்துக்கொண்டார். அவர் எதுவும் சொல்லாமல் கையை நீட்டினார்; காக்காவும் எதுவும் சொல்லாமல் குண்டைக் கொடுத்தார்.

நான் சொன்ன விடை

மகள் என்னிடம் கேட்ட கேள்விக்கு விடை சொல்ல வேண்டிய கடமை எஞ்சியிருந்தது. அந்த விமானம் பத்திரமானது என்று என்னால் சொல்ல முடியாது. அதற்குரிய கல்வி எனக்கு இல்லை. வேண்டாம் என்று தடுக்கவும் மனம் இடம் தரவில்லை. கண்டதை மட்டும் சொன்னேன். உங்கள் வாப்பா தம்முடைய வேலையில் குறை இருக்கிறதா என்று நாமெல்லாம் தேடுவதைவிடக் கடுமையாகத் தேடுகிறார். குறை கண்டால் செலவையும் நாளையும் பாராமல் அறுத்தெறிகிறார். இவ்விரண்டும் நின்றுபோகிற நாளில் அவரைத் தடுங்கள், அதுவரை உடன் நின்று பாருங்கள் என்றேன்.

அதன் பிறகு மூவருமாக உட்கார்ந்து ஒரு தாளில் சில நிபந்தனைகளை எழுதினோம். விமானத்திற்கென்று சான்று பெறாத இயந்திரமாதலால், முதல் 40 மணி நேரம் பயணி எவரையும் ஏற்றக்கூடாது என்று அரசே வரையறுத்திருக்கிறது. அதோடு காக்கா தாமாகச் சேர்த்தவை சில. தொடக்கப் பறத்தல்களில் இயந்திரம் நின்றாலும் சறுக்கி வந்து இறங்கும் தொலைவுக்குள்ளேயே சுற்றுவது. எண்ணெய் அழுத்தம் குறித்த எல்லைக்குக் கீழே போனால் காரணம் ஆராயாமல் உடனே இறங்குவது. எண்ணெய்ச் சூடு எல்லையைத் தொட்டால் அன்றைய பறத்தலை அத்துடன் முடிப்பது. பயணி ஒருவர் தம்மருகே அமரும் நாள் வந்தால் அந்த உயிர் தம்மிடம் ஒப்படைக்கப்படும் அமானிதம் என்றார் அவர். அப்படி அமர்வோர் கண்ணில் படும்படி, இவ்விமானம் சாதாரண விமானங்களுக்குரிய பாதுகாப்பு விதிகளுக்கு உட்பட்டதன்று என்னும் எச்சரிக்கையையும் சட்டப்படி ஒட்ட வேண்டியிருக்கிறது.

இன்னொரு நிபந்தனையும் உண்டு. ரோட்டரின் முனைகளிலுள்ள அடைப்புகள் தேயாதிருக்க, எரியும் அறைக்குள்ளும் சிறிது எண்ணெய் வேண்டும். காரில் அதற்கென்று தனிப் பம்ப் இருந்தது. காக்கா அதை நீக்கிவிட்டு, இவ்வகை இயந்திரத்தில் பறப்போர் பலர் செய்வதுபோல், இரு சக்கர வண்டிகளுக்குரிய டூ-ஸ்ட்ரோக் எண்ணெயைப் பெட்ரோலிலேயே கலக்கிறார். ஏறத்தாழ 128 பங்கு பெட்ரோலுக்கு ஒரு பங்கு எண்ணெய். உறுப்பு ஒன்று குறைந்தது. நினைவில் வைக்க வேண்டியது ஒன்று கூடியது. பெட்ரோல் மூடியின் மேல் "எண்ணெய் ஊற்றியாயிற்றா?" என்று தமிழில் எழுதி ஒட்டியவர் மகள்.

முதல் ஓட்டத்திற்கு முன்பு கூலரிலும் ஓஸ்களிலும் எண்ணெயை நிரப்பி, ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, மானியின் முள் எழும்வரை ஸ்டார்ட்டரால் மட்டும் சுற்றினார்கள். பேரிங்குகள் வறண்ட நிலையில் நெருப்பைக் காணக்கூடாது என்பதற்காக. முள் சில நொடிகள் அசையாமல் கிடந்தது. பிறகு மெல்ல எழுந்தது. காக்கா அல்ஹம்துலில்லாஹ் என்றார். அதன் பிறகே பிளக்குகளை மாட்டினார்.

இப்போது

இதை எழுதும்போது அந்த விமானம் பதினான்கு மணி நேரம் பறந்திருக்கிறது. காக்கா தனியாகவே பறக்கிறார். பத்தாவது மணி நேரத்தில் ஃபில்டரைக் கழற்றி, தகரத்தை வெட்டித் திறந்து, உள்ளேயுள்ள மடிப்புத் தாளை மேசைமேல் விரித்துப் பார்த்தார்கள். எங்கேனும் பேரிங் தேய்ந்திருந்தால் அங்கே பளபளக்கும் துகள்கள் தெரியும். புது இயந்திரத்தில் எதிர்பார்க்கத் தக்க மிகச் சிறிய துகள்கள் சில மட்டுமே இருந்தன. குளிர்காலம் வந்தால் கூலருக்குப் போகும் காற்றைக் குறைக்க ஒரு தகடு வேண்டியிருக்கும். இயந்திரத்தின் மூச்சுக்குழாய் வெளியே முடியும் இடத்தில் ஈரம் உறைந்து அடைத்துக்கொள்ளாமல் இருக்க, மூடிக்கு உள்ளே சூடான இடத்தில் அதற்கு இன்னொரு சிறு வழியும் திறந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். இன்ஷா அல்லாஹ், இன்னும் இருபத்தாறு மணி நேரம் இருக்கிறது.

நம் குடும்பங்களில் இத்தகைய வேளைகள் வருவதுண்டு. மகன் ஆழ்கடலுக்குப் போகிறேன் என்பான். தம்பி உயர்மின் கம்பத்தில் ஏறும் வேலையை ஏற்பான். தந்தை முதுமையில் எவரும் எதிர்பாராத ஒன்றைத் தொடங்குவார். வேண்டாம் என்று சொல்வது எளிது. சொன்ன பிறகும் அவர்கள் போனால், நமக்கும் அவர்களுக்கும் இடையே பேச்சே நின்றுவிடுகிறது. அதற்கு முன்னால் ஒருமுறை அவர்கள் வேலை செய்யும் இடத்திற்குச் செல்லுங்கள். உங்களுக்கு எதில் பயம் என்று அவர்களிடம் கேளுங்கள். தெளிவாகப் பதில் சொல்லத் தெரிந்தவர்களோடு அமர்ந்து நிபந்தனைகளைப் பேசலாம். எனக்கு ஒன்றிலும் பயமில்லை என்பவர்களிடம் உரிமையோடு தடை சொல்லலாம். அப்போது அந்தத் தடைக்குக் காரணமும் நம் கையில் இருக்கும்.

காக்காவின் அடுத்த பறத்தல், மழை விட்டால், வரும் சனிக்கிழமை லுஹருக்குப் பிறகு. எண்ணெய்ச் சூட்டையும் அழுத்தத்தையும் பத்து நிமிடத்திற்கு ஒருமுறை அவர் வானொலியில் சொல்ல, கீழேயிருந்து குறித்துக்கொள்பவர் அவர் மகள். குறிப்பேட்டை அவரிடம் ஒப்படைத்துவிட்டேன். அவருடைய கையெழுத்து என்னுடையதைவிடத் தெளிவாக இருக்கிறது. துஆச் செய்யுங்கள்.

வஸ்ஸலாம்.